வேலையை விட்ட பின் வரும் அச்சம்: எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ஊர்களில், விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கும் பலர் எல்லை தாண்டிக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போகிறவர்கள். மில், ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி, நகைப்பட்டறை, மருத்துவமனை, கணினி நிறுவனம் என்று இடங்கள் வேறுபடும். இன்னும் சிலர் மேற்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்து, அண்மையில் வேலையிலிருந்து நின்றுவிட்டவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. தானாக ராஜினாமா செய்தவர், நிறுத்தப்பட்டவர், ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாதவர் ஆகிய மூவருக்கும் அச்சம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. ஆனால் தானாக விட்டவருக்கு, “நாமே தேடிக்கொண்டதுதானே, இதை யாரிடம் சொல்லி அழுவது?” என்னும் கூடுதல் சுமை ஒன்று சேர்ந்துகொள்கிறது. அந்தச் சுமைக்கு நியாயம் இல்லை. பல ஆண்டுகள் நின்ற இடத்திலிருந்து விலகி வந்தவருக்கும் உடல் நடுங்கத்தான் செய்யும்.

முதல் படி: அச்சத்தையும் சிக்கலையும் தனித்தனியாக எழுதுதல்

வேலை போன முதல் சில நாட்களில் மனத்தில் ஓடுவது எல்லாம் ஒரே கலவையாக இருக்கும். மகளின் கல்லூரிக் கட்டணம், நெஞ்சுப் படபடப்பு, குழுக்கடன் தவணை, மாமனார் என்ன நினைப்பார் என்னும் கூச்சம், இனி வேலையே கிடைக்காது என்னும் முடிவு ஆகிய எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கத்தில், தேதியும் தொகையும் ஆளும் உள்ளவற்றை மட்டும் எழுதுங்கள்: “பத்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை”, “ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை”. வலப்பக்கத்தில், தேதியும் தொகையும் இல்லாதவற்றை எழுதுங்கள்: “நான் எதற்கும் லாயக்கில்லாதவன்”, “எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்”.

இடப்பக்கத்தில் இருப்பவை சிக்கல்கள். அவை விண்ணப்பம், தொலைபேசி அழைப்பு, கணக்கு ஆகியவற்றால் தீர்பவை. வலப்பக்கத்தில் இருப்பவை அச்சங்கள். அவற்றை எத்தனை விண்ணப்பம் போட்டாலும் தீர்க்க முடியாது. அவற்றுக்கு உறக்கம், மூச்சு, மனிதர்கள், தேவைப்பட்டால் மருத்துவர் என்று வேறு வழிகள் உண்டு. பதற்றத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவற்றை மாற்றிச் செய்கிறார்கள் என்பதே நான் கவனித்தது. தவணைத் தேதியை நினைத்து இரவெல்லாம் புரள்வார்கள், ஆனால் வங்கியை அழைக்க மாட்டார்கள். “லாயக்கில்லாதவன்” என்னும் எண்ணத்தைப் போக்க, தென்னந்தோப்பில் ஒரு பகுதியை விற்றுக் கடை வைக்கக் கிளம்புவார்கள். சொத்தை விற்பது, நகையை மொத்தமாக அடகு வைத்துத் தொழில் தொடங்குவது, வந்த முதல் ஏஜென்டிடம் பணம் கட்டி வளைகுடாவுக்குக் கிளம்புவது போன்ற பெரிய முடிவுகளை, உறக்கம் ஒழுங்குக்கு வரும் வரையில் தள்ளிப்போடுவது நல்லது.

இரண்டாம் படி: உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுதல்

ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கை குளிர்ந்து வியர்க்கிறது, வயிறு புரட்டுகிறது. பாம்பைக் கண்டு ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. வங்கியின் குறுஞ்செய்திக்கும் அதே ஏற்பாடுதான் இயங்குகிறது, ஓடுவதற்கு இடம் இல்லை என்பதுதான் வேறுபாடு. திடீரென்று உச்சத்துக்குப் போகும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாக இறங்கத் தொடங்கும். இறங்கும் என்று முன்பே தெரிந்திருப்பதே பாதி மருந்து.

காலையில் கண் விழித்தவுடன் அச்சம் மிகுதியாக இருப்பதாகப் பலர் சொல்வார்கள். அதற்கும் காரணம் உண்டு. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் விழித்த அரைமணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் இயல்பாகவே உயர்கிறது. அந்த நேரத்தில் படுக்கையிலேயே கிடந்து எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதைப் போல வேண்டாத வேலை வேறு இல்லை. எழுந்து முகம் கழுவி, வாசலையோ தோப்பையோ ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, பிறகு யோசியுங்கள். அதே சிக்கல் சற்றுச் சிறியதாகத் தெரியும்.

படபடப்பு வரும்போது மூச்சை ஆழமாக இழுக்கும்படி சொல்வார்கள். உண்மையில், இழுப்பதைக் காட்டிலும் விடுவதுதான் முக்கியம். மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் போதும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்னும் அளவுக்கு வரும்போது இதயத் துடிப்பு தணியத் தொடங்கும். இதை அச்சம் இல்லாத நேரத்தில் பழகி வைத்தால்தான் அச்சம் வரும் நேரத்தில் கைகொடுக்கும்.

இரவு ஷிப்டில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் உடல் இன்னும் இரவை வேலை நேரமாகவே எண்ணிக்கொண்டிருக்கும். வேலை நின்ற பிறகும் இரண்டு மணிக்கு விழிப்பு வருவதை மனநோய் என்று எண்ணி மிரள வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, எழுந்தவுடன் வெயிலில் நிற்பது, பகலில் நீண்ட நேரம் தூங்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் சில வாரங்களில் உறக்கம் திரும்பும். மதியத்துக்கு மேல் டீயும் காப்பியும் வேண்டாம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: குடித்தால் முதலில் அச்சம் குறைந்தது போல இருக்கும், போதை இறங்கும் அதிகாலையில் அதே அச்சம் இரண்டு மடங்காக வந்து நிற்கும். குடி ஏற்கெனவே பழக்கமாகிவிட்டிருந்தால், கேரள அரசின் விமுக்தி திட்டத்தின் கீழ் இயங்கும் சிகிச்சை மையங்களில் உதவி கிடைக்கும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது வலிப்பு வரை கொண்டுபோகலாம் என்பதால், மருத்துவரின் பார்வையில் நிறுத்துவதே சரி.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தமாக வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை ஆகியவை இருந்தால் “டென்ஷன்தான்” என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இதில் ஒருபோதும் தயங்கக் கூடாது.

மூன்றாம் படி: வீட்டில் சொல்லுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு தனி வசதி உண்டு. அதுவே தனி ஆபத்தும் கூட. நீங்கள் வேலைக்குப் போகும் இடம் வேறு மாநிலத்தில், ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனவே வேலை போன மறுநாளும் அதே சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதே பேருந்தில் ஏறி, வேலந்தாவளத்தையோ வாளையாரையோ தாண்டி, உக்கடம் குளக்கரையிலும் ரயில் நிலையத்திலும் வ.உ.சி. பூங்காவிலும் பொழுதைக் கழித்துவிட்டு, மாலையில் வழக்கமான வண்டியில் வீடு திரும்ப முடிகிறது. இப்படி வாரக்கணக்கில் செய்தவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். உள்ளூரிலேயே வேலை பார்த்தவர் இரண்டு நாள் கூட இதை மறைக்க முடியாது. எல்லை நமக்கு ஒரு மறைப்பைக் கொடுத்துவிடுகிறது.

மறைக்கும் வரை இழப்பு இரண்டாகிவிடுகிறது. வேலை போனது ஒன்று. அது தெரிந்துவிடுமோ என்னும் அச்சம் இன்னொன்று. முதலாவதற்கு எல்லை உண்டு, இரண்டாவதற்கு இல்லை. மனைவியின் கைப்பேசி ஒலித்தாலே கம்பெனியிலிருந்தோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் சம்பளம் காட்டுவதற்காக வெளியே வட்டிக்கு வாங்குவார்கள். பிறகு தெரியவரும்போது, வேலை போனதற்காக அல்ல, ஏமாற்றியதற்காகத்தான் வீட்டில் மனம் உடையும்.

எப்படிச் சொல்வது? முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் வீட்டிலேயே நிதானமானவராக இருக்கட்டும். அது மனைவியாகவோ கணவராகவோ அக்காவாகவோ இருக்கலாம். குழந்தைகள் உறங்கிய பிறகு, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். நீண்ட முன்னுரை வேண்டாம். “கொஞ்சம் உட்காரு. கம்பெனியில இருந்து நின்னுட்டேன். இந்த மாசத்துக்குப் பணம் இருக்குது, அடுத்த மாசத்துக்கு என்ன பண்றதுன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசோணும்” என்னும் அளவு போதும். இதில் செய்தி, இப்போதைய நிலை, இருவரும் சேர்ந்து செய்யவேண்டியது ஆகிய மூன்றும் வந்துவிடுகின்றன. கேட்டவர் முதலில் கோபப்படலாம், அழலாம். அவருக்கும் அதே அட்ரினலின்தான் சுரக்கிறது. அன்றிரவே எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மறுநாள் மாலை முதல் படியில் எழுதிய தாளை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

வயதான பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பதே கருணை என்று பலர் எண்ணுகிறார்கள். பல வீடுகளில் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், நீங்கள் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். பிள்ளைகளிடம் அவர்கள் வயதுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்தும் காரணம் தெரியாத குழந்தை, அது தன் தவறு என்று எண்ணிக்கொள்ளும்.

ஊருக்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில், “என்னங்க, இன்னிக்கு லீவுங்களா?” என்று கேட்பார்கள். “இல்லீங்க, அங்கிருந்து நின்னுட்டேனுங்க. வேற பார்த்துட்டு இருக்கேன், உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஏதாவது இருந்தாச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். கேட்டவரிடம் ஒரு வேண்டுகோளை வைத்துவிட்டால், வம்பு பேச வந்தவர் உதவி செய்யவேண்டிய இடத்தில் நிற்கிறார். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பெண்களுக்கு இங்கே நேர்வது வேறு. அவர்கள் வேலையை விட்டால், “நல்லதாப் போச்சு, இனி வீட்டைப் பார்த்துக்கோ” என்று சொல்லி, அதை ஓர் இழப்பாகவே யாரும் எண்ணுவதில்லை. சொந்தக் கையில் பணம் இருந்த நிலை போனதும், உடன் வேலை செய்தவர்களின் பேச்சும் பேருந்துப் பயணமும் போனதும் அவர்களைத் தனிமையில் தள்ளுகின்றன. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதை முதல் வாரத்திலேயே வீட்டில் தெளிவாகச் சொல்லாவிட்டால், சில மாதங்களில் வீட்டு வேலைகள் முழுவதும் அவர்கள் தலையில் ஏறி, தேடுவதற்கு நேரமே இல்லாமல் போகும்.

நான்காம் படி: காகிதங்களும் கணக்கும்

அச்சத்தின் ஒரு பகுதி, கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமையால் வருவது. அதைக் கணக்கால் குறைக்கலாம்.

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று (படிவம் 16) ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நேரில் போக மனம் இல்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிவாகவும் அது இருக்கும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் வேலை மாறினாலும் மாறாது. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவு செய்யாவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். கணினி பழக்கம் இல்லாதவர்களுக்கு கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் செய்து தருவார்கள். முதல் மாதத்திலேயே பி.எஃப். முழுவதையும் எடுத்துவிடத் துடிப்பவர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்: வேலையில்லாத காலத்திலும் அதற்கு வட்டி சேரும், தொடர்ந்து ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் எடுத்தால் வருமான வரி வரலாம், ஓய்வூதிய உரிமைக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், ஓய்வூதியப் பணத்தை இடையில் எடுத்துவிட்டால் அந்தப் பணி ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடைக்காது என்று ஒரு தவறான பேச்சு உலவுகிறது, அவருக்கும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்கினால் தொகை வரும்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவர்கள், வேலை போன அன்றே மருத்துவ வசதியும் போய்விட்டதாக எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டப்பட்டிருந்தால் அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் சிகிச்சை பெறலாம். பதற்றத்துக்கான சிகிச்சைக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கடன்களைப் பொறுத்தவரை, தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய் நிலைமையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தொண்ணூறு நாட்களுக்கு மேல் தவணை நின்றால்தான் கணக்கு வாராக்கடனாகிறது. அதற்குள் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கும்படி கேட்க இடம் உண்டு. குழுக்கடன் வசூலுக்கு வருபவர்களைப் பார்த்து வீட்டைப் பூட்டிக்கொள்ளும் பெண்களை இந்தப் பகுதியில் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, நுண்கடன் வசூல்காரர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ தொல்லை கொடுக்கக் கூடாது. பழைய கடனை அடைக்கக் கைப்பேசிச் செயலியில் புதுக்கடன் வாங்குவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். “மூன்றரை மாதம்” என்று ஓர் எண்ணைப் பார்ப்பது, எண்ணே தெரியாமல் அஞ்சுவதை விட எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: நாளுக்கு ஒரு வடிவம்

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் நம்பியிருந்த நெசவாலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸெய்ஸல் ஆகிய ஆய்வாளர்கள் தங்கள் குழுவினரோடு சேர்ந்து அங்குள்ள மக்களைக் கவனித்து, 1933-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். மில்கள் மூடுவதைப் பார்த்த கோவை வட்டாரத்தவருக்கு அந்த ஆய்வில் அந்நியமாகத் தெரியும் செய்தி குறைவு. ஓய்வு நேரம் மிகுந்திருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள்; காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. வீட்டு வேலைகள் இருந்ததால் பெண்களின் நாள் மட்டும் அவ்வளவாகக் குலையவில்லை. வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், கூட்டாக ஒன்றைச் செய்யும் உணர்வு, ஊரில் ஒரு மதிப்பு, கைகளுக்கு ஓயாத அலுவல் ஆகியவற்றையும் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் விளக்கினார்.

எனவே கூலியைத் தவிர்த்த மற்றவற்றை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். காலை எட்டு மணிக்குக் குளித்து, வெளியே போகும் உடை உடுத்துங்கள். முற்பகலில் இரண்டு மணி நேரம் வேலை தேடலுக்கும் காகிதங்களுக்கும் ஒதுக்குங்கள். அதற்கு மேல் தேடினால் சலிப்புதான் மிஞ்சும். பிற்பகலில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, தேங்காய் உரிப்பது, நின்றுபோன மோட்டாரைச் சரிபார்ப்பது என்று மாலையில் கண்ணால் பார்க்கக்கூடிய பலன் தரும் ஒன்றைச் செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று முறையாவது குடும்பத்துக்கு வெளியே ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஊர் நூலகம், கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே விட்டுவிடுங்கள்.

கவலைப்படுவதற்கும் நேரம் ஒதுக்கலாம். மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டு, பகலில் வரும் கவலைகளை ஒரு சிறு நோட்டில் ஒரு வரியாக எழுதி, அந்த நேரத்துக்கு ஒத்திப்போடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் மனநல மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கற்பிக்கும் முறை இது. படுக்கைக்குப் போகும் முன் இந்த நோட்டைத் திறக்கக் கூடாது.

ஆறாம் படி: ஒதுங்கியவற்றை நோக்கித் திரும்புதல்

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் இருப்பது, கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது, பழைய கம்பெனி இருக்கும் சாலையைச் சுற்றிக்கொண்டு போவது ஆகியவை அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும். அந்த நிம்மதியே அச்சத்தை வளர்க்கிறது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. நீங்கள் ஒதுங்கும் ஆறேழு செயல்களை, எளிதில் தொடங்கிக் கடினம் வரை வரிசையாக எழுதி, எளிதானதை முதலில் செய்யுங்கள். தொலைபேசி அழைப்பை எடுப்பது முதலாவதாக இருக்கலாம். பழைய மேலாளரிடம் சான்று கேட்டுப் போவது கடைசியாக இருக்கலாம். படபடப்பு வந்தவுடன் திரும்பி ஓடாமல், அது தணியும் வரை அங்கேயே இருப்பதுதான் இதில் பயிற்சி. ஓணத்துக்கும் தீபாவளிக்கும் போனஸ் பேச்சு கிளம்பும் வாரங்கள் கடினமாக இருக்கும். அவற்றை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து வைத்தால், அந்த நாட்களில் யாரோடு இருப்பது என்று திட்டமிடலாம்.

ஏழாம் படி: வேலை தேடும்போது

தமிழும் மலையாளமும் தடையின்றிப் பேசுவதை நம் ஆட்கள் ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை. கேரளத்திலிருந்து நோயாளிகள் மிகுதியாக வரும் கோவை மருத்துவமனைகளின் வரவேற்புப் பகுதி, நகை, ஜவுளிக் கடைகள், இரு மாநிலங்களுக்கும் சரக்கு அனுப்பும் கிடங்குகள் ஆகியவற்றுக்கு அத்தகைய ஆட்கள் தேவை. விண்ணப்பத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அஞ்சியிருப்பவரை மோசடிக்காரர்கள் எளிதில் இனம் கண்டுகொள்கிறார்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர், டெலிகிராமில் “டாஸ்க்” முடித்தால் பணம் என்பவர், சுற்றுலா விசாவில் அனுப்பி வைத்து அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவர் ஆகிய மூவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஏஜென்ட் ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பார்க்கலாம். கேரளத்தில் இருப்பவர்கள், வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்காவின் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

எட்டாம் படி: மருத்துவ உதவி

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் உறக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், அன்றாட வேலைகளே தடைப்பட்டால் உதவி தேடுங்கள். ஒன்றிய அரசின் தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அழைப்பின் தொடக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், கேரளத்து சிம் வைத்திருப்பவரும் தமிழிலேயே பேசலாம். கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வுக்கான ஆஸ்வாசம் கிளினிக்குகள் நடக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசுகிறவர்களுக்கு அது வசதி. எல்லை நமக்கு நன்மை செய்யும் இடமும் இதுதான்.

மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிப்பார்கள். தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே அல்ப்ரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை வாங்க வேண்டாம். சில வாரங்களிலேயே அவை பழக்கமாகிவிடும்.

சாக வேண்டும் என்னும் எண்ணம் வந்தால், அல்லது வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், அன்றே 14416-ஐ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். இது விவசாயப் பகுதி. பெரும்பாலான வீடுகளின் தாழ்வாரத்தில் பூச்சிமருந்து இருக்கும். அதை அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

பதற்றத்துக்கு மருத்துவர் நாள்தோறும் சாப்பிடத் தரும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. புது வேலைக்கான அழைப்பு வந்த மகிழ்ச்சியில், இனி எதற்கு என்று நிறுத்துபவர்கள் இன்னும் மிகுதி. குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதங்களாவது தொடரும்படி மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். எனவே புது வேலையில் சேரும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்லி, ஷிப்ட் நேரத்துக்கு ஏற்றபடி மாத்திரை நேரத்தை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனையை உங்கள் வார விடுமுறை நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.